ஒப்ஸ்பை

ஒப்ஸ்பை என்பது நிலநடுக்கமானிகள் பதிவு செய்த குறிகைகளைப் படிக்கவும், திருத்தவும், பகுத்தாயவும் பயன்படும் திறந்த மூல மென்பொருள் நிரலகம் ஆகும். இது பைத்தான் நிரலாக்க மொழியில் எழுதப்பட்டது. வேகம் தேவைப்படும் சில பகுதிகள் மட்டும் சி மொழியில் எழுதப்பட்டுள்ளன. செருமனியின் மியூனிக் நகரில் உள்ள லுட்விக் மாக்சிமிலியன் பல்கலைக்கழகத்தின் புவி இயற்பியல் பிரிவில் 2008 ஆம் ஆண்டு இதன் உருவாக்கம் தொடங்கியது. இது குனூ சிறு பொது மக்கள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வழங்கப்படுகிறது. எனவே எவரும் கட்டணமின்றிப் பெறலாம், மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை அதே உரிமத்தின் கீழ்ப் பகிரலாம்.

நிலநடுக்கப் பதிவு என்பது கணினியின் பார்வையில் வெறும் எண்களின் வரிசையே. அந்த எண்கள் எந்த நொடியில், எந்த ஊரில், எந்தக் கருவியால் எழுதப்பட்டவை என்பது தெரியாவிட்டால் அவற்றிலிருந்து நிலம் எவ்வளவு அசைந்தது என்று கூற இயலாது. எண்களையும் அவற்றைப் பற்றிய இத்தகவல்களையும் பிரியாமல் ஒன்றாக வைத்துக் கையாள்வதே ஒப்ஸ்பையின் அடிப்படை நோக்கம் எனலாம்.

பெயர்

ஆய்வுக்கூடம், நோக்ககம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதற்பகுதியும் பைத்தான் என்பதன் முதற்பகுதியும் இணைந்து இப்பெயர் உருவானது. தொடக்க காலத்தில் "நிலநடுக்க நோக்ககங்களுக்கான பைத்தான்" என்பதே இதன் விளக்கத் தொடராக இருந்தது. வானியலிலும் பிற துறைகளிலும் இதே முறையில் பெயரிடப்பட்ட பைத்தான் நிரலகங்கள் பல உள்ளன. எண் அணிகளுக்கான நம்பை, அறிவியல் கணிப்புக்கான சைபை ஆகியவை அவற்றுள் மூத்தவை. ஒப்ஸ்பை இவ்விரண்டின் மீதே கட்டப்பட்டுள்ளது. வரைபடங்களுக்கு மேட்பிளாட்லிப் என்னும் நிரலகத்தைப் பயன்படுத்துகிறது.

பின்னணி

2000 களின் பிற்பகுதி வரை நிலநடுக்கவியல் ஆய்வாளர் ஒருவரின் கணினியில் பல தலைமுறைகளைச் சேர்ந்த மென்பொருட்கள் ஒருங்கே இருந்தன. போர்ட்ரான் நிரல்கள், சி நிரல்கள், அவற்றை இணைக்கும் கட்டளைக் கோப்புகள், விலை கொடுத்து வாங்க வேண்டிய மாட்லாப், அமெரிக்காவின் லாரன்சு லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தில் உருவான சாக் என்னும் நிரல் ஆகியவை அவற்றுள் அடங்கும். சாக் மிகவும் பயனுள்ள நிரலாயினும் அது வேண்டுகோள் விடுத்துப் பெற வேண்டிய ஒன்றாக இருந்தது. ஒவ்வொரு மாணவரும் முந்தைய மாணவர் விட்டுச் சென்ற கட்டளைக் கோப்புகளைத் தம் தேவைக்கேற்பத் திருத்திக் கொண்டனர். அக்கோப்புகள் கட்டுரைகளுடன் வெளியிடப்படுவது அரிது. ஆகவே ஒரு கட்டுரையில் உள்ள வரைபடத்தை வேறொருவர் மீண்டும் உருவாக்கிச் சரிபார்ப்பது பெரும்பாலும் நடவாத செயலாக இருந்தது.

கோப்பு வடிவங்களின் பெருக்கம் இதனைவிடப் பெரிய இடர். பன்னாட்டு எண்ம நிலநடுக்கமானி வலையமைப்புகளின் கூட்டமைப்பு 1987 இல் சீட் என்னும் பொது வடிவத்தை ஏற்றுக்கொண்டது. இதன் சுருங்கிய வடிவமான மினிசீட் இன்று மிகப் பரவலாக உள்ளது. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க செனீவாவில் கூடிய அறிவியல் வல்லுநர் குழு ஜிஎஸ்இ என்னும் வடிவத்தை வகுத்தது. எண்ணெய் வளம் தேடும் நிறுவனங்கள் செக்-ஒய் என்னும் வடிவத்தைக் கையாளுகின்றன. சாக் நிரலுக்கென ஒரு தனி வடிவம் உண்டு. இவை தவிரக் கருவி உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வடிவத்தை வைத்திருந்தனர்.

வடிவத்தை மாற்றுவதில் என்ன இழப்பு என்று கேட்கலாம். சாக் வடிவம் மாதிரிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை 32 இருமம் கொண்ட மிதவைப் புள்ளி எண்ணாகச் சேமிக்கிறது. 0.01 வினாடி என்று எழுத விரும்பினால் அதில் 0.0099999998 என்பதே பதிவாகும். ஒரு நாளின் இறுதிப் பகுதியில் உள்ள நேரத்தை இவ்வகை எண்ணாக எழுதினால் ஏறத்தாழ 8 மில்லி வினாடிக்குக் குறைந்த வேறுபாட்டை அதில் காட்ட இயலாது. வினாடிக்கு 100 மாதிரிகள் எடுக்கும் நிலையத்தில் இது கிட்டத்தட்ட ஒரு மாதிரியின் அளவு. சாக் உருவான காலத்தில் பதிவுகள் சில நிமிடங்களே நீண்டன என்பதால் இது குறையாகத் தோன்றவில்லை.

வரலாறு

மியூனிக் குழுவினர் முதலில் தம் பவேரிய நிலநடுக்க வலையமைப்பின் தேவைகளுக்காகவே இதனை எழுதத் தொடங்கினர். மோரிட்சு பேயரோய்தர், ராபர்ட் பார்ஷ், லயன் கிரிஷர், டோபியாசு மேகீசு, யானிக் பேர், யோவாகிம் வாசர்மன் ஆகியோர் எழுதிய முதல் அறிமுகக் கட்டுரை 2010 இல் வெளிவந்தது. தரவு மையங்களுக்கும் நோக்ககங்களுக்கும் இதன் பயனை விளக்கும் கட்டுரை 2011 இலும், அறிவியல் பைத்தான் உலகிற்கும் நிலநடுக்கவியலுக்கும் இடையே இது ஒரு பாலம் என விளக்கும் கட்டுரை 2015 இலும் வெளிவந்தன. தொடக்கத்தில் ஒவ்வொரு கோப்பு வடிவத்துக்கும் தனித்தனிப் பொதியாக இருந்தது பின்னர் ஒரே பொதியாக இணைக்கப்பட்டது. 1.0 பதிப்பு 2016 இல் வெளியானது. இன்றைய பதிப்புகள் பைத்தான் 3 இல் மட்டுமே இயங்குகின்றன.

எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும் என்ற பிடிவாதம் இத்திட்டத்தில் இல்லை. மினிசீட் கோப்புகளைப் படிக்க அமெரிக்காவின் ஐரிஸ் கூட்டமைப்பு உருவாக்கிய சி நிரலகமே உள்ளே பயன்படுத்தப்படுகிறது. அலைகளின் பயண நேரத்தைக் கணிக்கும் பகுதி, டவ்-பி என்னும் சாவா நிரலைப் பைத்தானில் மாற்றி எழுதியதாகும். (ஐரிஸ் கூட்டமைப்பு 2023 சனவரியில் யுனாவ்கோ அமைப்புடன் இணைந்து எர்த்ஸ்கோப் கூட்டமைப்பு ஆனது.)

அமைப்பு

ஒப்ஸ்பையின் அடிப்படை அலகு ட்ரேஸ் எனப்படுகிறது. இடைவெளியின்றித் தொடரும் ஒரு பதிவே ஒரு ட்ரேஸ். இதில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று மாதிரிகளின் எண் அணி. மற்றொன்று தொடக்க நேரம், மாதிரி வீதம், நிலையத்தின் குறியீடு போன்ற விவரங்களைத் தாங்கும் தலைப்பு. பல ட்ரேஸ்களின் தொகுதி ஸ்ட்ரீம் எனப்படும். ஒரு நிலநடுக்கமானி பொதுவாக மேல்கீழ், வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என மூன்று திசைகளின் அசைவைப் பதிவதால் ஒரு நிலையத்தின் பதிவே மூன்று ட்ரேஸ்கள் கொண்ட ஸ்ட்ரீம் ஆகும். மின்தடை காரணமாகப் பதிவில் இடைவெளி விழுந்திருந்தால் ட்ரேஸ்களின் எண்ணிக்கை கூடும். அவற்றை இணைக்கும்போது விடுபட்ட இடத்தைச் சுழியத்தால் நிரப்பாமல் "இங்கு தரவு இல்லை" என்று மறைத்து வைக்கும் வசதி உள்ளது. சுழியம் என்பதும் ஓர் அளவீடு ஆகையால் இவ்வேறுபாடு முக்கியமானது.

கோப்பினைத் திறக்கும்போது அது எந்த வடிவம் எனப் பயனர் கூறத் தேவையில்லை. கோப்பின் முதல் சில எண்ணுண்மிகளைப் பார்த்து நிரலகமே கண்டறிந்து கொள்கிறது. எந்த வடிவத்திலிருந்து வந்தாலும் உள்ளே ஒரே வகை ட்ரேஸாக மாறிவிடுவதால், அதன்பின் எழுதப்படும் நிரல் எல்லா வடிவங்களுக்கும் பொதுவானது.

மினிசீட் தரவைச் சுருக்கும் முறை அறியத்தக்கது. அமைதியான நேரத்தில் அடுத்தடுத்த மாதிரிகள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியிருக்கும். ஆகவே 1000, 1003, 1001 என்று எழுதுவதற்குப் பதிலாக, தொடக்க மதிப்பையும் அதன்பின் 3, -2 என்ற வேறுபாடுகளையும் எழுதினால் போதும். ஸ்டைம் முறை எனப்படும் இதன் இரண்டாம் வகையில் சிறிய வேறுபாடுகள் ஏழு வரை ஒரே 32 இருமச் சொல்லில் அடங்கும். இறுதி மாதிரியின் மதிப்பும் தனியே எழுதப்படுவதால், விரித்தபின் கிடைக்கும் கடைசி எண் அதனுடன் ஒத்துப்போகிறதா எனச் சரிபார்க்கலாம். இழப்பற்ற சுருக்கம் இது. ஒலிக்கோப்புகளில் எம்பி3 செய்வதுபோல எதையும் தூக்கி எறிவதில்லை.

நேரம்

நேரத்தைக் கையாள ஒப்ஸ்பையில் தனி வகுப்பு ஒன்று உண்டு. அது எப்போதும் ஒருங்கிணைந்த சர்வதேச நேரத்தையே பயன்படுத்துகிறது. தொடக்கத்தில் மிதவைப் புள்ளி எண்ணாக இருந்த இதன் உள்ளமைப்பு, பின்னர் நானோ வினாடிகளின் முழு எண்ணாக மாற்றப்பட்டது.

புவியோட்டின் மேற்பகுதியில் முதன்மை அலை வினாடிக்கு ஏறத்தாழ 6 கி.மீ. வேகத்தில் செல்கிறது. நிலையக் கடிகாரம் ஒரு வினாடி தவறினால், அந்நிலையம் கணக்கிடும் தொலைவு சில கிலோமீட்டர்கள் தவறும். உள்ளூர் நேரத்தில் பதிவுகளை வைத்திருந்தால் இன்னும் பெரிய குழப்பம் நேரும். 2004 திசம்பர் 26 அன்று சுமாத்திரா அருகே ஏற்பட்ட நிலநடுக்கம் சர்வதேச நேரப்படி 00:58:53 மணிக்குத் தொடங்கியது. இந்தியாவில் அப்போது காலை 6:28. இலங்கையில் அதிகாரபூர்வ நேரம் காலை 6:58 ஆக இருந்தது. இலங்கை 1996 முதல் 2006 ஏப்பிரல் வரை சர்வதேச நேரத்தைவிட ஆறு மணி நேரம் முன்னதான கடிகாரத்தைப் பின்பற்றியதே இதற்குக் காரணம். இன்றைய அரை மணி வேறுபாடற்ற நிலையை நினைத்துக்கொண்டு பழைய குறிப்புகளைப் படிப்போர் 30 நிமிடம் தவறிவிடுவர்.

கருவியின் துலங்கலை நீக்குதல்

ஒப்ஸ்பையின் பணிகளுள் மிக நுட்பமானது இதுவே. நிலநடுக்கமானியின் உள்ளே உள்ள எடை, நில அசைவின் வேகத்திற்கேற்ப மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. எண்மமாக்கி அந்த மின்னழுத்தத்தை முழு எண்களாக மாற்றுகிறது. கோப்பில் இருப்பவை இந்த முழு எண்களே.

எசுடிஎசு-2 என்னும் பரவலான அகன்ற பட்டை நிலநடுக்கமானியை எடுத்துக்கொள்வோம். நிலம் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அசைந்தால் அது 1500 வோல்ட்டு தரும் என்பது அதன் உணர்திறன். (உண்மையில் அவ்வளவு வேகத்தை அது தாங்காது. இது விகிதம் மட்டுமே.) இதனை 40 வோல்ட்டு வீச்சை 24 இருமங்களில் பிரிக்கும் எண்மமாக்கியுடன் இணைத்தால் ஓர் எண் அலகு என்பது ஏறத்தாழ 2.4 மைக்ரோவோல்ட்டு ஆகும். அதாவது கோப்பில் எண் ஒன்று கூடினால் நிலத்தின் வேகம் வினாடிக்கு 1.6 நானோமீட்டர் கூடியுள்ளது. மறுமுனையில் 24 இருமத்தின் உச்ச எண் 83,88,608 என்பதால், வினாடிக்கு 13 மில்லிமீட்டர் வேகத்துக்கு மேல் இக்கருவியால் பதிய இயலாது. அதற்கு மேற்பட்ட அசைவில் அலையின் உச்சி வெட்டப்பட்டுவிடும். வெட்டப்பட்டதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

எண்ணை 1.6 ஆல் பெருக்கினால் வேலை முடிந்தது என்று எண்ணலாம். ஆனால் மேற்கூறிய உணர்திறன், அலையின் காலம் 120 வினாடிக்குள் இருக்கும் வரை மட்டுமே மாறாதிருக்கும். அதைவிட மெதுவான அலைகளில் கருவியின் உணர்திறன் விரைந்து குறைகிறது. அதிவேக அலைகளிலும் இதுபோன்ற வரம்பு உண்டு. ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் கருவி குறிகையை எவ்வளவு பெருக்குகிறது, எவ்வளவு தாமதிக்கிறது என்னும் இத்தொகுப்பே கருவியின் துலங்கல். நிலையத்தின் மீத்தரவுக் கோப்பில் இது முனைகள், சுழிகள் என்னும் எண்களாக எழுதப்பட்டிருக்கும்.

ஒப்ஸ்பை பதிவினை வூரியே மாற்றத்தின் மூலம் அதிர்வெண்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் துலங்கலால் வகுத்து, மீண்டும் நேரக் குறிகையாக மாற்றுகிறது. பயனர் விரும்பியபடி விடை இடப்பெயர்ச்சியாகவோ வேகமாகவோ முடுக்கமாகவோ கிடைக்கும். இதில் ஒரு பொறி உள்ளது. கருவிக்குக் கிட்டத்தட்ட உணர்திறனே இல்லாத அதிர்வெண்ணில் மிகச் சிறிய எண்ணால் வகுக்க நேரிடும். அங்கு இருப்பது மின்னணுச் சுற்றின் இரைச்சல் மட்டுமே. வகுத்தலால் அது பூதாகரமாகி, நிலம் மீட்டர் கணக்கில் மெல்ல மேலும் கீழும் அலைவதுபோலத் தோன்றும். இதனைத் தடுக்க இரு வழிகள் தரப்பட்டுள்ளன. துலங்கல் ஒரு குறிப்பிட்ட மட்டத்திற்குக் கீழே சென்றால் அம்மட்டத்திலேயே நிறுத்திக்கொள்வது ஒன்று. இது நீர் மட்டம் எனப்படுகிறது, இயல்பாக உச்சத்திலிருந்து 60 டெசிபெல் கீழே வைக்கப்பட்டுள்ளது. வகுப்பதற்கு முன்னரே பயனற்ற அதிர்வெண்களை வடிகட்டிவிடுவது மற்றொன்று. இவற்றைச் சிந்தித்துத் தேர்வு செய்யாமல் இயல்பு மதிப்புகளை அப்படியே விட்டுவிடுவது, புதியவர்கள் செய்யும் மிகப் பொதுவான பிழை எனலாம்.

எடுத்துக்காட்டு: பல்லேகலை, 2004

இலங்கையின் கண்டி மாவட்டத்தில் பல்லேகலை என்னும் இடத்தில் உலக நிலநடுக்க வலையமைப்பின் நிலையம் ஒன்று உள்ளது. அதன் குறியீடு பால்க். (குறியீட்டைப் பார்த்துப் பாக்கு நீரிணையில் உள்ளது என்று எண்ணிவிடக் கூடாது. நிலையம் மலைநாட்டில் உள்ளது.) 2004 திசம்பர் 26 அன்று இது இயங்கிக்கொண்டிருந்தது. அப்போது ஒப்ஸ்பை இல்லை. ஆயினும் அன்றைய பதிவு தரவு மையத்தில் பேணப்படுவதால் இணைய இணைப்புள்ள எவரும் இன்று அதனை ஒப்ஸ்பை மூலம் பெற இயலும். வலையமைப்பு, நிலையம், அலைவழி ஆகியவற்றின் குறியீடுகளையும் தொடக்க, முடிவு நேரங்களையும் கொடுத்தால் பதிவும், அன்றைய கருவியின் துலங்கலும் ஒருங்கே வந்து சேரும். அன்றைய கருவி என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. நிலையங்களில் கருவிகள் காலப்போக்கில் மாற்றப்படுகின்றன. இன்றைய கருவியின் துலங்கலைக் கொண்டு 2004 இன் பதிவைத் திருத்தினால் விடை தவறாகும். மீத்தரவில் ஒவ்வொரு காலப்பகுதிக்கும் தனித்தனி விவரம் உள்ளது. ட்ரேஸின் தொடக்க நேரத்தைப் பார்த்து உரியதை நிரலகமே தேர்ந்தெடுக்கிறது.

நிலநடுக்கம் தொடங்கிய இடத்திலிருந்து பல்லேகலை 1,700 கி.மீ.க்கும் சற்று அப்பால் உள்ளது. பயண நேரக் கணிப்பின்படி முதன்மை அலை மூன்றரை நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அங்கு வந்து சேர வேண்டும். மேற்பரப்பு அலைகள் அதன்பின் சில நிமிடங்களில் வந்தன. துலங்கலை நீக்கி இடப்பெயர்ச்சியாக மாற்றினால், அவ்வலைகளில் இலங்கையின் நிலம் மேல்கீழாக 9 சென்ரிமீட்டருக்கும் மேல் அசைந்தது தெரிய வருகிறது. ஆயினும் அந்த அசைவு மிக மெதுவானது. ஆகவே பெரும்பாலோர் அதனை உணரவில்லை. ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. இலங்கையில் மட்டும் 30,000 க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

பதிவு இருந்தும் நிலநடுக்கத்தின் அளவு உடனே சரியாக அறியப்படவில்லை. அவாயில் உள்ள பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிலநடுக்கம் தொடங்கி 15 நிமிடங்களில் வெளியிட்ட முதல் அறிவிப்பில் அதன் அளவு 8.0 எனக் குறிப்பிட்டது. ஒரு மணி நேரத்திற்குப் பின் வெளியான இரண்டாம் அறிவிப்பு 8.5 என்றது. பின்னாளில் ஏற்கப்பட்ட அளவு 9.1. இம்மதிப்பு ஒவ்வொரு முழு எண் கூடும்போதும் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடுகிறது என்பதை நினைவிற் கொண்டால் இவ்வேறுபாட்டின் பெருமை விளங்கும். நிலப்பிளவு எட்டு நிமிடங்களுக்கும் மேலாக நீடித்து வடக்கு நோக்கி 1,200 கி.மீ.க்கு மேல் பரவியது. முதல் சில நிமிடங்களின் வேகமான அலைகளை மட்டும் பார்த்தோருக்கு அதன் முழு உருவமும் தெரியவில்லை. ஆற்றலின் பெரும் பகுதி பல நூறு வினாடிகள் காலம் கொண்ட மெதுவான அலைகளில் இருந்தது.

ஒப்ஸ்பையைக் கொண்டு இதனைத் தாமே செய்து பார்க்கலாம். அதே பதிவை ஒருமுறை 1 வினாடிக் கால அலைகளுக்கும், மறுமுறை 100 முதல் 300 வினாடிக் கால அலைகளுக்கும் வடிகட்டி வரைந்தால் இரண்டும் வெவ்வேறு நிலநடுக்கங்களைப் போல் தோன்றும்.

வடிகட்டிகள்

பட்டை வடிகட்டி, தாழ்நிலை வடிகட்டி, உயர்நிலை வடிகட்டி ஆகியவை உள்ளன. பெரும்பாலும் பட்டர்வொர்த் வகை பயன்படுகிறது. பயனர் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். சாதாரண வடிகட்டி குறிகையைச் சற்றுத் தாமதப்படுத்தும். இதனை விரும்பாதோர், வடிகட்டியை முன்னிருந்து பின்னாக ஒரு முறையும் பின்னிருந்து முன்னாக ஒரு முறையும் செலுத்தித் தாமதத்தை நீக்கலாம். வரைபடம் அழகாக வரும். ஆனால் பின்னிருந்து முன்னாகச் செலுத்தும்போது அலையின் ஆற்றலில் ஒரு பகுதி, அலை வந்து சேரும் முன்னரே கசிந்துவிடும். அலை வந்த நொடியை அளவிட இத்தகைய பதிவைப் பயன்படுத்தினால் விடை உண்மையைவிட முந்தையதாக இருக்கும். ஒப்பிட இரண்டாம் முறையும், நேரத்தை அளவிட முதல் முறையும் ஏற்றவை.

தானியங்கிக் கண்டறிதல்

நீண்ட பதிவில் நிலநடுக்கங்களைத் தேட, குறுகிய கால சராசரியை நெடுங்கால சராசரியால் வகுக்கும் முறை பயன்படுகிறது. கடந்த ஒரு வினாடியின் சராசரி ஆற்றல், கடந்த 30 வினாடிகளின் சராசரியைவிடப் பல மடங்கு கூடினால் ஏதோ வந்துவிட்டது எனக் கொள்ளலாம். ஆனால் நிலையத்தின் அருகே செல்லும் சரக்குந்தும் இதே விளைவைத் தரும். ஆகவே குறைந்தது மூன்று நிலையங்களிலாவது ஏறக்குறைய ஒரே நேரத்தில் விகிதம் உயர்ந்தால் மட்டுமே ஏற்கும் வசதியும் தரப்பட்டுள்ளது. ஒரே சரக்குந்து மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் ஓடாது.

பயன்பாடு

ஆய்வகங்களிலும் தரவு மையங்களிலும் ஒப்ஸ்பை பரவலாகப் பயன்படுகிறது. பல புதிய நிரல்கள் இதனை அடித்தளமாகக் கொண்டே எழுதப்படுகின்றன. ராஸ்பெரி பை சிறு கணினியைக் கொண்டு இயங்கும் மலிவான நிலநடுக்கமானிகளைத் தம் வீட்டில் வைத்திருக்கும் ஆர்வலர்களின் பதிவுகளையும் இதன் மூலம் பெறலாம்.

2018 நவம்பரில் செவ்வாயில் தரையிறங்கி 2022 திசம்பர் வரை இயங்கிய இன்சைட் விண்கலத்தின் நிலநடுக்கமானிப் பதிவுகளும் மினிசீட் வடிவிலேயே வெளியிடப்பட்டன. பவேரியாவின் மலைகளுக்காக எழுதப்பட்ட நிரல், ஒரு வரி மாற்றமும் இன்றிச் செவ்வாயின் நடுக்கங்களைப் படிக்கிறது.

2020 இல் கொரோனா ஊரடங்கின்போது மனித நடமாட்டம் குறைந்ததால் நிலத்தின் அதிர்விரைச்சல் குறைந்ததை பெல்ஜியத்தின் தோமா லெகோக் தலைமையிலான பன்னாட்டுக் குழு ஆராய்ந்தது. 268 நிலையங்களின் பதிவுகளில் இம்மாற்றம் ஆராயப்பட்டது. சில இடங்களில் இரைச்சல் 50 விழுக்காடு வரை குறைந்திருந்தது. இலங்கைப் பதிவும் அவற்றுள் ஒன்று. இவ்வாய்வில் பயன்பட்ட நிரல் ஒப்ஸ்பையைக் கொண்டு எழுதப்பட்டு அனைவருக்கும் திறந்து வைக்கப்பட்டது. இதனால் பல நாட்டினர் தத்தம் நிலையத்தின் பதிவை ஒரே முறையில் கணக்கிட்டு ஒப்பிட முடிந்தது. ஒவ்வொருவரும் தம் சொந்த நிரலைப் பயன்படுத்தியிருந்தால், வேறுபாடு ஊரடங்கால் வந்ததா நிரலால் வந்ததா என்ற கேள்வியே முதலில் எழுந்திருக்கும்.

வரம்புகள்

ஒப்ஸ்பை ஓர் எச்சரிக்கை அமைப்பு அன்று. நூற்றுக்கணக்கான நிலையங்களின் தரவை அந்தந்த நொடியில் பெற்று நிலநடுக்கத்தின் இடத்தையும் அளவையும் அறிவிக்க சைஸ்கொம்ப் போன்ற வேறு மென்பொருட்கள் உள்ளன. ஒப்ஸ்பை பெரும்பாலும் அதன்பின் நிகழும் ஆய்வுக்கானது. இதற்குச் சாளரங்களும் பொத்தான்களும் கொண்ட முகப்பு இல்லை. பயனர் நிரல் எழுத வேண்டும். பதிவு முழுவதும் கணினியின் நினைவகத்தில் ஏற்றப்படுவதால், பல ஆண்டுத் தரவை ஒரே நேரத்தில் திறக்க முயல்வோர் கணினி திணறுவதைக் காண்பர். ஒவ்வொரு நாளாகப் பிரித்துக் கையாள்வதே வழக்கம்.

கற்றல்

ஒப்ஸ்பையை நிறுவியபின், கோப்புப் பெயர் எதுவும் தராமல் படிக்கும் கட்டளையை இட்டால் எடுத்துக்காட்டுப் பதிவு ஒன்று திறக்கும். அது பவேரிய வலையமைப்பைச் சேர்ந்த நிலையம் ஒன்றில் 2009 ஆகத்து 24 அன்று பதிவான 30 வினாடிகள், மூன்று திசைகள், வினாடிக்கு 100 மாதிரிகள். வரைதல், வடிகட்டல், நிறமாலை காணல் ஆகியவற்றை இதைக் கொண்டே பழகலாம்.

தொடங்குவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வடிகட்டல் முதலிய செயல்கள் மூலப் பதிவின் மீதே நிகழ்கின்றன, புதிய படி உருவாவதில்லை. ஒரே கட்டளையை இருமுறை இயக்கினால் பதிவு இருமுறை வடிகட்டப்பட்டுவிடும், பார்வைக்கு எந்த எச்சரிக்கையும் தோன்றாது. முதலில் படியெடுத்துக்கொண்டு படியில் வேலை செய்வது பாதுகாப்பானது. படியெடுக்க மறந்தவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு ட்ரேஸின் தலைப்பிலும் அதன்மீது செய்யப்பட்ட செயல்கள், பயன்பட்ட மதிப்புகள், ஒப்ஸ்பையின் பதிப்பு எண் ஆகியவை வரிசையாக எழுதப்படுகின்றன. அதைத் திறந்து பார்த்தால் "வடிகட்டல்" என்பது எத்தனை முறை உள்ளது என்று தெரிந்துவிடும்.